ஒரு மூட்டை உரம், பல வகை நிலம்: போச்சம்பள்ளிப் பகுதியில் உரக் கணக்கு வளர்ந்த வரலாறு

ஒரு மூட்டை யூரியாவைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு கேழ்வரகு வயல்களுக்கு இட்டால் விளைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. ஒரு வயலில் கதிர் கனத்துத் தொங்கும். இன்னொன்றில் பயிர் கறுத்துத் தழைப்பதோடு சரி, மணி கூடாது. ஒரு நிலம் தான் பெற்ற உரத்துக்கு எவ்வளவு விளைச்சலைக் கூடுதலாகத் தரும் என்பதே உரப்பலன். அதை விதைக்கும் முன்பே கணித்துச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு மண் அறிவியல் ஏறக்குறைய 180 ஆண்டுகளாக விடை தேடி வருகிறது. பயிர் ஓராண்டுப் பயிராக இருந்தால் கேள்வி கடினமானது. மரமாக இருந்தால், அதுவும் மண் மாறிக்கொண்டே போகும் நிலப்பரப்பில் நிற்கும் மரமாக இருந்தால், அதைவிடப் பல மடங்கு கடினமானது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி வட்டம் இந்தக் கேள்வியைக் கண் முன்னே விரித்து வைத்திருக்கிறது. தென்பெண்ணையிலிருந்து கால்வாய் வழியாக நீர் பெறும் பாரூர் பெரிய ஏரியின் பாசன நிலம் ஒரு பக்கம். அங்கே காலங்காலமாக வண்டல் படிந்து மண் கனத்திருக்கிறது. அங்கிருந்து மேட்டுக்கு ஏறினால் கருங்கல் பாறை சிதைந்து உருவான செம்மண், அதற்கு மேல் சரளை, கடைசியில் பாறை தலைநீட்டும் சரிவு. அந்தச் சரிவிலும் மா நிற்கிறது. பள்ளத்தில் ஆள் உயரம் தோண்டினாலும் மண்ணாகவே வரும். மேட்டில் முழங்கால் ஆழத்தில் கடப்பாரை ‘ணங்’ என்று நின்றுவிடும். ஒரே கிராமத்தின் ஒரே வரைபடத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, ஒரே உரப் பரிந்துரை எல்லாருக்கும் எப்படிப் பொருந்தும்?

உர மூட்டை வருவதற்கு முன் இந்தக் கணக்கை உழவர்கள் அனுபவத்தால் போட்டார்கள். கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வண்டி வண்டியாக அள்ளி மேட்டு நிலத்துக்கு அடித்தார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை மடக்கினார்கள். நெல் வயலில் புங்கன் தழையையும் எருக்கையும் மிதித்தார்கள். வண்டல் எந்த நிலத்துக்கு எத்தனை வண்டி வேண்டும், கிடை எத்தனை இரவு கிடக்க வேண்டும் என்பது நிலத்துக்கு நிலம் மாறியது. எழுத்தில் இல்லாவிட்டாலும் அதுவும் ஒரு கணிப்பே. மணற்பாங்கான நிலத்தில் வண்டல் இரண்டு மூன்று ஆண்டுக்குப் பேசும் என்பதும், களி நிலத்தில் அது வீண் செலவு என்பதும் தலைமுறை தலைமுறையாகச் சோதித்து அறிந்தவை.

இப்பகுதியில் நிலத்தை வகைப்படுத்தி எழுதி வைத்தது முதலில் வரிக்காகத்தான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தது. கிருஷ்ணகிரியும் போச்சம்பள்ளியும் அந்தப் பாராமகாலைச் சேர்ந்தவை. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு இங்கே கலெக்டராக அமர்ந்தார். அவருக்குக் கீழே பணிபுரிந்த உதவியாளர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. இவர்கள் புலம் புலமாக நிலத்தை அளந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு விளையும் என்று மதிப்பிட்டு, அதற்கேற்பத் தீர்வை விதித்தார்கள். ரயத்துவாரி முறை என்று வரலாற்றில் பெயர் பெற்ற ஏற்பாடு உருவெடுத்தது இந்த மண்ணில்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த நிலவரித் திட்டங்கள் அதை இன்னும் நுணுக்கமாக்கின. மண்ணைக் கரிசல், செம்மண் என்று பிரித்து, அவற்றுள் களி, இருமண், மணல் என்று மறுபடி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் கொடுத்தன.

அந்தத் தரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால், புல எண்ணுக்கு நேரே ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ‘8-3’ என்பதைப் போன்ற எண் இருக்கும். அடுத்த கட்டம் ‘மண் தரம்’. அதற்கும் அடுத்தது தீர்வை. நிலம் வாங்கும்போது பத்திரத்துக்காகப் பார்ப்பதைத் தவிர, யாரும் அந்த எண்களை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த வட்டத்தில் ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியாக மண் மதிப்பீடு எழுதப்பட்ட முதல் ஆவண மரபு அதுதான்.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். தரம் என்பது நிலம் தானாக எவ்வளவு விளைவிக்கும் என்பதன் அளவு. உரப்பலன் என்பது உரம் இட்டால் எவ்வளவு கூடும் என்பதன் அளவு. இரண்டும் ஒன்றல்ல, பல நேரங்களில் எதிரெதிரானவை. ஏற்கனவே வளமான முதல் தர நிலத்தில் உரம் இட்டால் விளைச்சல் அதிகம் ஏறாது, ஏனென்றால் பயிருக்கு வேண்டியது அங்கே இருக்கிறது. நடுத்தர நிலம் உரத்துக்கு நன்றாக ஏறும். கடைசித் தரச் சரளை நிலமும் ஏறாமல் போகலாம், அங்கே தட்டுப்பாடு உரத்தில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. வரி போடுகிறவருக்குத் தரம் போதும். உழவருக்குப் போதாது.

அறிவியலில் இந்தக் கேள்வியைத் தொடங்கி வைத்தவர்கள் ஐரோப்பியர்கள். பயிர் மண்ணிலிருந்து கனிமச் சத்துகளை எடுத்தே வளர்கிறது என்பதை 1840இல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் லீபிக் தன் நூலால் உலகறியச் செய்தார். எந்தச் சத்து தேவைக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலுக்கு எல்லை கட்டும் என்ற குறைச் சத்து விதியும் அவர் பெயரோடு நிலைத்தது. 1843இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் லாசும் கில்பர்ட்டும் தொடங்கிய கோதுமை வயல் சோதனை இன்றுவரை தொடர்கிறது. ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு வகை உரம், ஒரு பாத்திக்கு எதுவுமே இல்லை. அந்த ‘எதுவுமே இல்லாத’ பாத்திதான் மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

தமிழகத்துக்கு இந்த அறிவு பஞ்சத்தின் வழியாக வந்தது. 1876–78இன் தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. போச்சம்பள்ளி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பஞ்ச விசாரணைக் குழு வேளாண் துறைகளை அமைக்கச் சொன்னது. 1889இல் ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற வேதியியலாளர் இங்கிலாந்திலிருந்து வந்து நாடு முழுவதும் ஓராண்டுக்கு மேல் சுற்றினார். 1893இல் வெளியான அவருடைய அறிக்கை ஆட்சியாளர்கள் எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை. இந்திய உழவர் பத்தாம்பசலி என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. சாணத்தை எரிக்கும் நிலைக்கு விறகுப் பஞ்சம் தள்ளியிருப்பதே மண் மெலிவதற்குப் பெரிய காரணம் என்றார். சாணம் அடுப்புக்குப் போகாமல் வயலுக்குப் போக, விறகுக்கென்று மரம் வளர்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதை நினைத்துப் பார்த்தால், மண் வளமும் மரமும் ஒரே கணக்கில் சேர்ந்தவை என்பது 130 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருப்பது தெரியும்.

1906ஆம் ஆண்டு இரண்டு விஷயங்களால் முக்கியமானது. பாரி கம்பெனியின் சூப்பர் பாஸ்பேட் ஆலை ராணிப்பேட்டையில் தொடங்கியது. இந்தியாவின் முதல் ரசாயன உர ஆலை அதுதான். அதே ஆண்டில் சைதாப்பேட்டை வேளாண் கல்லூரி கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1909இல், கோயம்புத்தூரில் நிரந்தர உரச் சோதனை வயல் அமைக்கப்பட்டது. தழைச்சத்து மட்டும், மணிச்சத்து மட்டும், சாம்பல்சத்து மட்டும், இரண்டிரண்டாக, மூன்றும் சேர்த்து, தொழு உரம் மட்டும், எதுவுமில்லாமல் என்று பாத்திகள். தழைச்சத்தை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கொட்டிய பாத்தி, மூன்றும் சேர்த்து இட்ட பாத்திக்கு வெகுவாகப் பின்தங்கியது. லீபிக் சொன்னது கொங்கு நாட்டு மண்ணிலும் நடந்தது. 1920களில் குன்னூரில் உணவுச்சத்து ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்காரிசனும் கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாதும், இப்படி வெவ்வேறு உரம் பெற்று விளைந்த சிறுதானியத்தின் உணவுத் தரம் எப்படி மாறுகிறது என்றும் ஆராய்ந்தார்கள். விஸ்வநாத் பின்னர் இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இந்திய இயக்குநரானார்.

அதே 1909இல் ஜெர்மனியில் ஐல்ஹார்ட் மிட்சர்லிக் உரப்பலனைச் சமன்பாடாக எழுதினார். முதல் கிலோ உரம் கொடுக்கும் பலனை இரண்டாவது கிலோ கொடுப்பதில்லை, மூன்றாவது இன்னும் குறைவு. பசித்தவனுக்கு முதல் இட்லியின் ருசி ஆறாவது இட்லியில் இல்லாததைப் போல. இந்த வளைவின் வடிவம் தெரிந்தால், எந்த அளவில் நிறுத்தினால் போட்ட பணத்துக்கு மேல் பணம் வரும் என்று சொல்லிவிடலாம். ஆனால் வளைவு ஒவ்வொரு நிலத்துக்கும் எங்கே தொடங்குகிறது? இதுதான் கோயம்புத்தூர் பாத்தியால் விடை சொல்ல முடியாத கேள்வி. அந்த வயல் நூறு ஆண்டு உழைத்தாலும் தன் மண்ணைப் பற்றித்தான் பேசும். போச்சம்பள்ளிச் சரளையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

1947இல் ஏ. பி. ஸ்டூவர்ட் இந்திய உரச் சோதனைகளை ஆராய்ந்து தந்த அறிக்கை இந்த ஓட்டையைச் சுட்டியது. அரசுப் பண்ணைகளை விட்டு வெளியேறி, உழவர்களின் சொந்த வயல்களில் எளிய சோதனைகளை ஆயிரக்கணக்கில் நடத்த வேண்டும் என்றது. 1950களில் அமெரிக்க உதவியுடன் அது நடந்தது. 1955–56இல் நாட்டில் 24 மண் பரிசோதனை நிலையங்கள் திறக்கப்பட்டன. கூடவே, மலிவாகவும் விரைவாகவும் செய்யக்கூடிய சோதனை முறைகள் தேவைப்பட்டன. 1956இல் பி. வி. சுப்பையாவும் ஜி. எல். அசிஜாவும் காரப் பெர்மாங்கனேட்டைக் கொண்டு பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்தை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். இந்தியாவின் மண் பரிசோதனை நிலையங்களில் இன்றும் அன்றாடம் கையாளப்படுவது அந்த முறைதான்.

சோதனையின் எண்ணை உழவருக்கு எப்படிச் சொல்வது? மூன்று பெட்டி வைத்தார்கள். தமிழ்நாட்டில் எக்டேருக்குத் தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழே என்றால் ‘குறைவு’, 450க்கு மேலே என்றால் ‘அதிகம்’, இடையில் ‘மத்திமம்’. மணிச்சத்துக்கு 11, 22. சாம்பல்சத்துக்கு 118, 280. குறைவு என்றால் பொதுப் பரிந்துரையில் கால் பங்கு கூட்டு, அதிகம் என்றால் கால் பங்கு குறை. இறவைக் கேழ்வரகுக்கு எக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து, 30 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல்சத்து என்ற பொதுப் பரிந்துரையைச் சுற்றி இப்படி ஏற்றி இறக்கினார்கள். பொதுப் பரிந்துரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியதை விட இது எவ்வளவோ மேல். ஆனாலும் 279க்கும் 90க்கும் ஒரே மருந்து, 279க்கும் 281க்கும் வேறு மருந்து என்று ஆனது. எண் சரியாக இருந்தும், பெட்டிக்குள் போட்டதும் நிலத்தின் முகம் மறைந்தது.

இந்த இடத்தில் வந்தவர் பி. ராமமூர்த்தி. இந்திய மண் அறிவியலில் இவருடைய பங்கு தமிழ் வாசகர்களுக்குப் போதிய அளவு சொல்லப்படவில்லை என்பது வருந்தத்தக்கது. 1967இல் அவரும் அவருடைய சகாக்களும் சொனோரா-64 கோதுமைக்கு, உழவர் விரும்பும் விளைச்சலை முதலில் வைத்து, அதற்கு எவ்வளவு உரம் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். கருத்தின் விதை எமில் ட்ரூவோக் என்ற அமெரிக்க மண் அறிஞருடையது. அதற்குச் சோதனை வழி கண்டு உயிர் கொடுத்தது ராமமூர்த்தி.

அவருடைய வழியில் இருந்த நுட்பம் இது. வெவ்வேறு ஊர்களின் வயல்களை ஒப்பிட்டால் மண் மட்டுமல்ல, மழையும் வெயிலும் விதையும் உழவரின் கைவாகும் சேர்ந்தே மாறுகின்றன. பலன் கூடியதற்கு மண் காரணமா மழை காரணமா என்று பிரிக்க முடியாது. ஆகவே வேறுபாட்டைத் தேடிப் போகாமல், ஒரே வயலுக்குள் அதை உண்டாக்கினார். வயலை நீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒன்றுக்கு உரமே இல்லாமல், ஒன்றுக்கு ஒரு மடங்கு, ஒன்றுக்கு இரண்டு மடங்கு என்று உரம் இட்டு, முதலில் ஒரு பயிரை வளர்த்து அறுத்துவிடுவது. மண்ணும் உரமும் கலந்து நிலைபெற அந்தப் பயிர் உதவுகிறது. அதன் பிறகு அதே வயலில் மெலிந்த பட்டை, நடுத்தரப் பட்டை, செழித்த பட்டை என்று படிப்படியான வளம் கிடைக்கிறது. வானிலை ஒன்று, மண் இனம் ஒன்று, வேறுபடுவது சத்து மட்டும். இப்போது உண்மையான சோதனைப் பயிரைப் பல உர அளவுகளில் வளர்த்து, ஒவ்வொரு பாத்தியிலும் மண்ணில் இருந்தது எவ்வளவு, உரத்தில் போனது எவ்வளவு, பயிர் எடுத்தது எவ்வளவு என்று அளக்கலாம்.

அதிலிருந்து மூன்று எண்கள் பிறக்கின்றன. நூறு கிலோ தானியம் விளைய எத்தனை கிலோ சத்து தேவை. மண்ணில் சோதனை காட்டும் சத்தில் நூற்றுக்கு எவ்வளவைப் பயிர் எடுக்கிறது. உரத்தில் இடும் சத்தில் நூற்றுக்கு எவ்வளவை எடுக்கிறது. கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க, எளிய எண்களை வைத்துக்கொள்ளலாம். நூறு கிலோ தானியத்துக்கு 3 கிலோ தழைச்சத்து தேவை, மண்ணிலிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கும் உரத்திலிருப்பதில் பாதியும் பயிருக்குச் சேரும் என்று வைப்போம். உழவர் எக்டேருக்கு 3,000 கிலோ விளைச்சல் வேண்டும் என்கிறார். தேவை 90 கிலோ. மண் பரிசோதனை 200 கிலோ காட்டினால் மண் தருவது 40. பாக்கி 50 கிலோ. உரத்தில் பாதிதான் சேரும் என்பதால் இட வேண்டியது 100 கிலோ தழைச்சத்து, அதாவது யூரியாவாக 217 கிலோ. பக்கத்து நிலத்தில் மண் 240 கிலோ காட்டினால் மண் தருவது 48, பாக்கி 42, இட வேண்டியது 84 கிலோ, யூரியாவாக 183. இரண்டு நிலமும் பழைய முறையில் ஒரே ‘குறைவு’ப் பெட்டியில் விழும். இந்த முறையில் 34 கிலோ யூரியா வேறுபடுகிறது. தொழு உரம் இட்டிருந்தால் அதன் பங்கையும் இதே சமன்பாட்டில் கழித்துக்கொள்ளலாம்.

1967–68இல் மண் பரிசோதனையையும் பயிர்ப் பலனையும் இணைக்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டமாக இது விரிந்தது. கோயம்புத்தூர் அதன் மையங்களில் ஒன்று. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவான பின், மாநிலத்தின் மண் தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் பயிர் பயிராகச் சமன்பாடுகள் எழுதப்பட்டு, பிறகு கணினி மென்பொருளாகவும் ஆயின. 1972இல் கோயம்புத்தூரில் நீண்ட கால உரச் சோதனை ஒன்றும் தொடங்கியது. அதன் முதன்மைப் பயிர் கேழ்வரகு. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியின் உயிர்ப் பயிர் அது என்பதால் இந்த வட்டத்துக்கு அந்தச் சோதனை நெருக்கமானது. முழு அளவு ரசாயன உரத்தோடு தொழு உரமும் சேர்ந்த பாத்திகளே நிலைத்த விளைச்சலைத் தந்தன. காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்த வறண்ட செம்மண்ணுக்காகவே உழைக்கிறது. அங்கிருந்து வந்த ‘பையூர்’ பெயர் தாங்கிய கொள்ளும் சாமையும் மானாவாரி நிலங்களில் பரவின.

இவ்வளவும் ஓராண்டுப் பயிரின் கதை. கிருஷ்ணகிரியின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுபோகும் பயிரோ மா. பெங்களூராவும் செந்தூராவும் அல்போன்சாவும் நீலமும் நிற்கும் தோப்புகள், காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரங்களில் கண்ணுக்கு எட்டிய தூரம். மாங்கூழ் ஆலைகளும் அதை நம்பியே இருக்கின்றன. ராமமூர்த்தியின் பட்டை முறை இங்கே அப்படியே செல்லாது. மரத்தை ஒரு பருவத்தில் வளர்த்து அறுத்து அடுத்த பருவத்தில் சோதனைப் பயிர் வைக்க முடியாது. மரம் சத்தைத் தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்துப் பின்னர் செலவழிக்கிறது, அதனால் இந்த ஆண்டு இட்ட உரம் அடுத்த ஆண்டு பேசலாம், அதற்கும் அடுத்த ஆண்டும் பேசலாம். போதாதற்கு மா ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு காய்க்கும் குணமுடையது. காய்ப்பு ஏறியது உரத்தாலா, அதன் முறை வந்ததாலா?

இந்தச் சிக்கலை முழு மூச்சாக எதிர்கொண்டவர்கள் ஊசியிலை மரக்காடு வளர்ப்பவர்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் மரங்களின் இனத்தார், உலகின் பல நாடுகளில் லட்சக்கணக்கான ஏக்கரில் பயிராக நிற்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1930களில் பைன் தோப்புகள் காரணம் தெரியாமல் குட்டையாகித் தலை கருகின. துத்தநாக உப்புக் கரைசலைத் தெளித்ததும் தேறின. ஒரு சிட்டிகைச் சத்து, அதன் குறை ஒரு காட்டையே முடக்கியிருந்தது. நியூசிலாந்தின் ரிவர்ஹெட் காட்டில் குறை மணிச்சத்தில் இருந்தது, 1950களில் விமானத்திலிருந்து சூப்பர் பாஸ்பேட் தூவினார்கள். அமெரிக்காவின் வடமேற்கில் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு, 1969இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, காட்டு நிறுவனங்களும் அரசும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மனைகளில் ஒரே மாதிரியான யூரியாச் சோதனையை அமைத்தன. எல்லா இடத்திலும் ஒரே சோதனை, ஒரே அளவு, பக்கத்தில் உரமிடாத மனை, பல ஆண்டு தொடர்ந்து அளவு.

அங்கே கிடைத்த பாடம் பாராமகால் தரப் பதிவேட்டோடு நேராகப் பொருந்துவது வியப்பளிக்கிறது. காட்டிலும் தரம் உண்டு. ஐம்பது வயதில் ஓங்கிய மரங்கள் எவ்வளவு உயரம் எட்டும் என்பதை வைத்து இடத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் உயர்ந்த இடங்களில் தழைச்சத்து அதிகப் பலன் தரவில்லை, தாழ்ந்த இடங்களே பெரும்பாலும் கூடுதலாக ஏறின. ஆனால் மதிப்பெண் மட்டும் போதவில்லை. தாழ்ந்த இடங்களிலும் சில அசையாமல் நின்றன. மரத்தடியில் உதிர்ந்து மக்கும் இலைச் சருகில் கரிமமும் தழைச்சத்தும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தபோது கணிப்பு மேம்பட்டது. தழைச்சத்து வறண்ட சருகு இருந்த இடத்தில்தான் மரம் உரத்துக்குத் தவித்திருந்தது. மண்ணைத் தோண்டுவதோடு நிற்காமல், மரமே எழுதி உதிர்த்த கணக்கைப் படித்தார்கள்.

மாவுக்கு அந்தக் கணக்கு இலையில் இருக்கிறது. மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதை விட மரம் எவ்வளவு எடுத்தது என்பதை இலை நேரடியாகச் சொல்லும். நான்கு முதல் ஏழு மாத வயதுள்ள இலையை, கிளையின் நடுப்பகுதியிலிருந்து, காம்போடு எடுக்க வேண்டும் என்பது இந்தியத் தோட்டக்கலையில் நிலைபெற்ற விதி. கொழுந்தை எடுத்தால் சத்து மிகையாகத் தெரியும், முதிர்ந்ததை எடுத்தால் குறைவாகத் தெரியும். பெங்களூருக்கு அருகே உள்ள ஹெசரகட்டாவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், இலையில் சத்துகள் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை நல்ல காய்ப்புள்ள தோப்புகளோடு ஒப்பிட்டுக் குறையைக் கண்டறியும் முறையை மாவுக்கும் வகுத்தது. துத்தநாகம், போரான் போன்ற நுண்சத்துகளின் கலவையை ‘மேங்கோ ஸ்பெஷல்’ என்ற பெயரில் இலைவழித் தெளிப்பாகவும் கொண்டு வந்தது.

மண் மாதிரியும் மரத்துக்கு வேறு மாதிரி. வயல் பயிருக்கு ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் ஓர் அங்குலக் கனத்துக்குச் சீவி எடுத்தால் போதும். பத்து, பதினைந்து இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கொட்டி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டை ஒதுக்கி, மறுபடி பிரித்து, அரை கிலோ வரும் வரை குறைக்க வேண்டும். எருக்குழி அருகிலும் வரப்போரத்திலும் மர நிழலிலும் எடுக்கக் கூடாது. மாந்தோப்பில் அப்படி மேல்மண்ணை மட்டும் சீவினால் பாதி உண்மைதான் வரும். 30, 60, 90 சென்டிமீட்டர் என்று ஆழத்துக்கு ஆழம் தனி மாதிரி வேண்டும். போச்சம்பள்ளி மேடுகளில் இரண்டாவது ஆழத்திலேயே பாறைச் சிதைவு தட்டுப்படும் தோப்புகள் இருக்கின்றன. அங்கே ஆய்வகம் சொல்லும் எண்ணை விட, கடப்பாரை நின்ற ஆழம் அந்த மரத்தின் வருங்காலத்தைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

பரிந்துரைப் புத்தகத்தில் மாவுக்கு இருப்பதோ இன்னும் ஒரே எண்தான். ஆறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், ஒரு கிலோ தழைச்சத்து, ஒரு கிலோ மணிச்சத்து, ஒன்றரை கிலோ சாம்பல்சத்து. கடையில் வாங்கும் உரமாகப் பார்த்தால் மரத்துக்கு ஏறக்குறைய 2.2 கிலோ யூரியா, 6.25 கிலோ சூப்பர், 2.5 கிலோ பொட்டாஷ். பத்து மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் எக்டேருக்கு நூறு மரம் என்றால், சூப்பர் மட்டும் ஐம்பது கிலோ மூட்டையில் பன்னிரண்டரை. ஏரிப் பாசனத் தோப்புக்கும் சரளை மேட்டுத் தோப்புக்கும், நாற்பது வயது பெங்களூராவுக்கும் அடர் நடவில் நெருங்கி நிற்கும் இளம் அல்போன்சாவுக்கும் இந்த ஒரே எண். கேழ்வரகு பெட்டிக் காலத்தைத் தாண்டி வந்துவிட்டது. மா இன்னும் அதற்கு முந்தைய காலத்தில் நிற்கிறது.

விலையும் இந்தக் கணக்கைக் கெடுத்தது. 1992இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, யூரியாவின் கட்டுப்பாடு அப்படியே இருந்தது. மலிவானதை அதிகம் இடுவது இயல்பு. நிலம் எதைக் கேட்கிறது என்பதை விடக் கடையில் எது மலிவு என்பது உர அளவைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டம், 12 அளவீடுகளை உழவரின் கையில் எழுதிக் கொடுக்க முன்வந்தது. ஆனால் அதன் மாதிரிக் கட்டம் இறவை நிலத்தில் இரண்டரை எக்டேர், மானாவாரியில் பத்து எக்டேர் என்று வகுக்கப்பட்டது. பத்து எக்டேர் என்பது ஏறக்குறைய 25 ஏக்கர். போச்சம்பள்ளி மேட்டில் 25 ஏக்கருக்குள் செம்மண்ணும் சரளையும் பாறையும் வந்துவிடும். அந்தப் பரப்பில் பல குடும்பங்களின் நிலம் அடங்கும். எல்லாருக்கும் அட்டையில் ஒரே எண். 230 ஆண்டுக்கு முன் ரீடின் ஆட்கள் புலம் புலமாக நடந்து எழுதிய பதிவு, பரப்பளவில் பார்த்தால் இதைவிட நெருக்கமானது.

போச்சம்பள்ளியை இன்று வெளியுலகம் சிப்காட் தொழிற்பேட்டையாலும் மின் ஸ்கூட்டர் ஆலையாலும் அறிகிறது. சந்தைக்கு வரும் மாங்காயும் கேழ்வரகும் அதற்கு முன்பிருந்தே அந்த மண்ணின் அடையாளம். அவற்றுக்கான உரக் கணக்கு முழுமை பெறத் தேவையானது, டக்ளஸ் ஃபிர் காடுகளில் செய்ததைப் போல, ஏரிப் பாசனம், செம்மண், சரளை என்று எல்லா வகைத் தோப்புகளிலும் ஒரே சோதனையைப் பல ஆண்டு நடத்துவது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு பண்ணையால் அது முடியாது, உழவர் தோப்புகள் வேண்டும். அதுவரை ஒவ்வொரு தோப்புக்காரரும் தம் தோப்பில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ரோதம்ஸ்டெட்டிலும் கோயம்புத்தூரிலும் அளவுகோலாக நின்ற அதே உரமிடாத பாத்திதான் அது. ஒரே வயது, ஒரே ரகம், ஒரே மண்ணில் நிற்கும் பத்து மரங்களைத் தேர்ந்து, ஐந்துக்கு வழக்கமான உரம் இட்டு, ஐந்துக்கு உரமே இடாமல் விட்டு, குறைந்தது நான்கு அறுவடைக்கு மரம் வாரியாகக் காயை எடைபோட்டு எழுதி வர வேண்டும். நான்கு ஆண்டு என்பது, விட்டு விட்டுக் காய்க்கும் மரத்துக்கு இரண்டு முழுச் சுற்று.